பழைய மாடல் ரயிலை மலிவாக வாங்குவது எப்படி? ஹார்ன்பி டப்லோவை வைத்து ஒரு முழு வழிகாட்டி

பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவன் நான். அப்பா பணிமனையிலிருந்து வீடு திரும்பும்போது சட்டையில் எண்ணெய் வாடை அடிக்கும். பல வருடம் கழித்து, இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த பழைய பொம்மைச் சந்தையில் ஒரு மாடல் எஞ்சினைக் கையில் எடுத்தேன். அதே வாடை. ஒரு சாண் நீளம்கூட இருக்காது, ஆனால் கல் மாதிரி கனத்தது. ஹார்ன்பி டப்லோ என்ற பழைய பிரிட்டிஷ் மாடல் ரயில் வரிசையின் சின்ன டேங்க் எஞ்சின் அது; தண்ணீர்த் தொட்டி எஞ்சின் மேலேயே இருக்கும் ரகம். சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் வேறொரு சந்தையில் அதே எஞ்சின், அதைவிட நல்ல நிலையில், பாதி விலைக்கு இருந்தது.

அன்றிலிருந்து குறிப்பு எழுதத் தொடங்கினேன். மலிவாக வாங்குகிறவர்கள் எல்லோரும் அதிர்ஷ்டக்காரர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். பழகிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் ஒரே ஒரு வகையைப் பற்றி விற்பவரைவிடக் கூடுதலாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள். அதன் விலை தெரியும், அதில் என்ன பழுது வரும் என்று தெரியும், அந்தப் பழுதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்றும் தெரியும். இந்த மூன்றையும் எப்படித் தெரிந்துகொள்வது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். உதாரணம் முழுக்க பிரிட்டிஷ் டப்லோதான், ஏனென்றால் நான் கைவைத்துப் பழகியது அதில்தான்.

முதல் படி: ஒரே ஒரு வகையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

அகல உழுவதை விட ஆழ உழு என்பது இந்தப் பொழுதுபோக்குக்கே சொன்னது போல இருக்கும். மாடல் ரயில் என்றால் ஒரு பொருள் இல்லை. 1:43.5 அளவு (அசலில் 43.5இல் ஒரு பங்கு) ஓ கேஜ், 1:76 அளவு ஓஓ, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாக உள்ள 1:87 எச்ஓ, அதைவிடச் சின்ன என் கேஜ் என்று பல. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர் எங்கே போனாலும் சந்தை விலையைத்தான் கொடுப்பார்.

டப்லோவின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் விலை வித்தியாசம் முழுக்க இந்தக் கதைக்குள் இருக்கிறது. லிவர்பூலில் மெக்கானோ நிறுவனத்தை நடத்திய ஃபிராங்க் ஹார்ன்பி 1920இல் ஓ கேஜ் ரயில்களைக் கொண்டுவந்தார். வீட்டு மேசையில் அடங்கும் சின்ன அளவு ரயில் 1938இல் வந்தது. 'டபுள் ஓ' என்பதைச் சுருக்கி 'டப்லோ' என்று பெயர் வைத்தார்கள். ஹார்ன்பி 1936இலேயே காலமாகிவிட்டதால் அவர் இதைப் பார்க்கவில்லை. தொடக்கத்தில் மூன்று தண்டவாள முறை: நடுவில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து எஞ்சின் மின்சாரம் எடுக்கும். போட்டியாளரான டிரை-ஆங் பிளாஸ்டிக் பாடியும் இரண்டு தண்டவாளமுமாக மலிவாக விற்று முன்னேறியது. டப்லோ 1959இல்தான் இரண்டு தண்டவாளத்துக்கு வந்தது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. டிரை-ஆங்கின் தாய் நிறுவனமான லைன்ஸ் பிரதர்ஸ் 1964இல் மெக்கானோவையே வாங்கியது, டப்லோ உற்பத்தி நின்றது. அதன் வார்ப்பு அச்சுகள் பல ரென் என்ற நிறுவனத்துக்குப் போயின. அவர்கள் எசெக்ஸில் உள்ள பேசில்டனில் அதே எஞ்சின்களைப் புது நிறங்களில் வெகுகாலம் விற்றார்கள்.

இதில் சேகரிப்பவருக்கு என்ன பாடம்? 1959க்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள் இரண்டு தண்டவாளத்தைத்தான் கேட்டார்கள். ஆனாலும் பழைய வாடிக்கையாளர்களுக்காக மூன்று தண்டவாள எஞ்சின்களும் கொஞ்ச காலம் வந்துகொண்டிருந்தன. அவை குறைவாகத்தான் விற்றன. ஆகவே இன்று அரிதானவை அவைதான். தயாரிப்பு எண்ணைப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம். இடிஎல் என்று தொடங்குபவை பழைய மூன்று தண்டவாளம். நான்கு இலக்க எண்ணில் 2 என்று தொடங்கினால் இரண்டு தண்டவாளம், 3 என்று தொடங்கினால் பிற்கால மூன்று தண்டவாளம். 2235 பார்ன்ஸ்டபிள், 3235 டார்செஸ்டர். 2226 சிட்டி ஆஃப் லண்டன், 3226 சிட்டி ஆஃப் லிவர்பூல். அச்சு ஒன்று, பெயரும் சக்கரமும் வேறு, விலை வேறு. இடிஎல் 12 டச்சஸ் ஆஃப் மான்ட்ரோஸ் எந்தச் சந்தைக்குப் போனாலும் இருக்கும். 3235 கண்ணில் படுவதே அபூர்வம். வீட்டைக் காலிசெய்து சாமான்களை மொத்தமாக விற்பவருக்கு இரண்டும் 'பழைய பச்சை எஞ்சின்'தான்.

நீங்கள் தேர்ந்தெடுக்கும் வகை டப்லோவாக இருக்க வேண்டியதில்லை. ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ இருக்கும் நம் ஆட்களுக்கு மெர்க்லின்தான் பக்கத்துத் தெருவில் கிடைக்கும். அமெரிக்காவில் என்றால் லயனல். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் எண்கள், நிறங்கள், ஆண்டுகள் கண்ணை மூடினாலும் தெரிகிற அளவுக்குப் படியுங்கள். ஹார்ன்பி சேகரிப்பாளர் சங்கம் 1969இலிருந்து இருக்கிறது. அமெரிக்காவில் ரயில் சேகரிப்பாளர் சங்கம் 1954இலிருந்து. உறுப்பினர் சந்தா கட்டினால் அது முதல் தவறான கொள்முதலைத் தடுத்த அன்றே திரும்ப வந்துவிடும்.

இரண்டாம் படி: கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு

ஈபேயில் ஒரு டப்லோ டச்சஸுக்கு 180 பவுண்டு போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு சந்தையில் ஒருவர் 120 சொன்னால் மலிவு என்று தோன்றும். அந்த 180 பவுண்டு எஞ்சின் ஒரு வருடமாக அங்கேயே கிடக்கலாம். தேடல் வடிகட்டியில் 'விற்று முடிந்தவை' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை மட்டும் பாருங்கள். விலை பச்சை எழுத்தில் வரும். ஆறு மாதம் பாருங்கள், ஒன்றையும் வாங்காதீர்கள். நோட்டில் நான்கு பத்தி: எண், நிலை, அட்டைப்பெட்டி உண்டா இல்லையா, தபால் செலவு சேர்த்து முடிந்த விலை. ஏலக் கூடங்களும் பழைய ஏலங்களின் முடிவு விலையைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கும். ஸ்டாக்டன் அருகே உள்ள வெக்டிஸ் போன்ற பொம்மை ஏலக் கூடங்களின் பழைய பட்டியல்கள் இலவசப் பாடப்புத்தகம்.

இப்படி எழுதும்போது ஒன்று புரியும். சாதாரண ரகங்களின் விலை முன்புபோல் ஏறவில்லை. டப்லோவோடு வளர்ந்த பிள்ளைகள் இன்று எழுபது, எண்பது வயதுக்காரர்கள். அவர்கள் வீட்டுத் தொகுப்புகள் தொடர்ந்து சந்தைக்கு வருகின்றன. ஆகவே பரவலாகக் கிடைக்கும் எஞ்சினுக்கு அவசரப்படவே வேண்டாம், அடுத்தது வந்துகொண்டே இருக்கும். அரிய ரகம் மட்டும் விலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

புதிய மாடல்களில் இன்னொரு கணக்கு உண்டு. ஒரு நிறுவனம் ஏதாவது ஒரு எஞ்சினுக்குப் புது அச்சில் மாடல் வருகிறது என்று அறிவித்தால், அதே எஞ்சினின் பழைய அச்சு மாடல் உடனே இறங்கும். 'லிமிடெட் எடிஷன்' சான்றிதழ் இருந்தாலும் இறங்கும். ஓட்டிப் பார்க்க வாங்குகிறவருக்கு அதுதான் நல்ல நேரம்.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

சிறப்பு ஏலக் கூடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் விவரம் தெரிந்தவர்கள். அங்கே மலிவு குறைவு, ஏமாற்றமும் குறைவு. ஊர்ப்புறத்துப் பொது ஏலத்தில் நாற்காலி, பீங்கான், கடிகாரத்துக்கு நடுவே 'ஒரு பெட்டி ரயில் பொம்மை' என்று வரும். எனக்குக் கிடைத்த நல்ல பொருட்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட மொத்தப் பெட்டிகளிலிருந்துதான் வந்தன. படத்தில் மேலே தெரிவது வளைந்த தண்டவாளமும் உடைந்த பிளாட்பாரமும்தான். அடியில் நீல அட்டையின் ஒரு மூலை எட்டிப் பார்த்தால் போய் நேரில் பாருங்கள். ஏலத்துக்கு முந்தின நாளோ அன்று காலையிலோ பார்வைக்கு வைப்பார்கள்.

இணையத்தில் தேடும்போது எழுத்துப்பிழையோடும் தேடுங்கள். ரென் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் கடைசியில் இரண்டு 'என்' வரும். ஒன்றை விட்டுவிட்டு விளம்பரம் போடுகிறவர்கள் நிறைய. டப்லோவை 'டபுள் ஓ' என்று பிரித்து எழுதுவார்கள். ஹார்ன்பி என்ற பெயரே இல்லாமல் 'தாத்தாவின் பழைய ரயில்' என்று போடுகிறவர்களும் உண்டு. அந்த விளம்பரங்களுக்குப் போட்டி குறைவு. 'நேரில் வந்து எடுத்துச் செல்ல வேண்டும்' என்று போட்டிருப்பவையும் அப்படித்தான். தபால் இல்லை என்றாலே பாதிப் பேர் விலகிவிடுவார்கள். உங்கள் வீட்டிலிருந்து முப்பது மைல் சுற்றுக்குள் மட்டும் காட்டும்படி தேடலைச் சேமித்து வையுங்கள்.

பொம்மைச் சந்தைக்கு எப்போது போவது என்று கேட்பார்கள். கதவு திறந்ததும் போனால் நல்ல தேர்வு இருக்கும், விலை இறங்காது. முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போனால் தேர்வு குறைவு, ஆனால் கனமான இரும்புச் சாமான்களை மறுபடி வண்டியில் ஏற்ற யாருக்கும் விருப்பம் இருக்காது. குறிப்பிட்ட அரிய எண்ணைத் தேடினால் காலையில் போங்கள். தண்டவாளம், வேகன், கோச் வேண்டுமென்றால் கடைசியில் போங்கள். மூன்று தண்டவாளத் தகரத் தண்டவாளம் அவ்வளவு மிச்சம் கிடக்கிறது, அதற்கு எப்போதும் பேரம் பேசலாம்.

நான்காம் படி: கையில் எடுத்துப் பாருங்கள்

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். நான் ஒரு எஞ்சினைப் பார்க்கும் வரிசை இது.

முதலில் கேட்டுவிட்டு எடுங்கள். ஒரு கையை அடியில் கொடுத்து, பாடியைப் பிடிக்காமல் தூக்குங்கள். தூக்கியதும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பழைய எண்ணெய் வாடை பரவாயில்லை. கருகிய வாடை, எரிந்த வயர் மாதிரி காரமாக இருந்தால் மோட்டாரின் சுருள் எரிந்திருக்கிறது. அதற்கு மோட்டாரில் சுழலும் பாகமான ஆர்மேச்சரையே மாற்ற வேண்டிவரும், செலவு.

அடுத்தது வார்ப்பு. பெரும்பாலான டப்லோ எஞ்சின்களின் பாடியும் அடிச்சட்டமான சேஸியும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. இங்கே அதை மசாக் என்பார்கள். கலவையில் காரீயம் கொஞ்சம் கலந்துவிட்டாலும் பல பத்தாண்டு கழித்து உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிக்கத் தொடங்கும். ஊதும், வளையும், கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். போருக்கு முந்தைய பொருட்களில் இது அதிகம். பிற்காலத்தில் சீனாவில் வார்த்த சில மாடல்களிலும் வந்திருக்கிறது. இதற்கு மருந்து கிடையாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, சக்கரங்களுக்கு மேலே எஞ்சினின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் பலகை நேர்கோடாக இருக்கிறதா என்று கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். நடுவில் வில் மாதிரி மேலே எழும்பியிருந்தால் சேஸி உள்ளே நீண்டிருக்கிறது. பெயிண்டில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் இருந்தால் நகத்தால் மெதுவாகத் தடவுங்கள். கோடு நகத்தில் தட்டுப்பட்டால் அது பெயிண்ட் விரிசல் இல்லை, உலோக விரிசல். கீழே வைத்துவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். 'மிக நல்ல நிலை' என்று படம் மட்டும் பார்த்து நான் வாங்கிய ஒரு போருக்கு முந்தைய எஞ்சின் வீட்டுக்கு வந்து ஒரு குளிர்காலத்தில் இரண்டாகப் பிளந்தது. பக்கவாட்டுப் படம் ஒன்று கேட்டிருந்தால் அந்த வளைவு தெரிந்திருக்கும்.

பிறகு சக்கரம். விரலால் மெல்ல உருட்டுங்கள். இறுகியிருந்தால் பெரும்பாலும் எண்ணெய் பிசின் மாதிரி உறைந்திருக்கும், அது பிரச்சினையே இல்லை. ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் தட்டினால் சக்கரம் அச்சில் திரும்பியிருக்கலாம், அல்லது பக்கத் தண்டு வளைந்திருக்கலாம். இணைப்புத் தண்டுகளை எண்ணுங்கள். வலது பக்கம் இருப்பது இடது பக்கமும் இருக்க வேண்டும். திருகின் தலையைப் பாருங்கள். பள்ளம் சிதைந்திருந்தால் யாரோ பொருந்தாத திருப்புளியால் திறந்திருக்கிறார்கள். திறந்தவர் காந்தத்தை வெளியே எடுத்திருந்தால் அதன் வலு குறைந்திருக்கும். பழைய அல்நிகோ காந்தங்களுக்கு இது உண்டு, ஆர்மேச்சரை உருவினாலே சக்தி இறங்கும். அப்படிப்பட்ட எஞ்சின் சூடாகும், வேகமாகச் சுழலும், ஆனால் மூன்று கோச்சை இழுக்காது. மறுபடி காந்தமேற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இது கைவிட வேண்டிய பழுது இல்லை, விலையைக் குறைக்க வேண்டிய பழுது.

ஓடுகிறதா என்று பார்க்க 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு துண்டு வயரும் சட்டைப்பையில் வைத்திருங்கள். மூன்று தண்டவாள எஞ்சின் என்றால் ஒரு வயர் அடியில் உள்ள மின்சாரம் எடுக்கும் தகட்டில், இன்னொன்று சக்கரத்தில். இரண்டு தண்டவாளம் என்றால் வலது சக்கரத்தில் ஒன்று, இடது சக்கரத்தில் ஒன்று. பழைய டப்லோ மோட்டார் மின்சாரம் நிறையக் கேட்கும், அந்தச் சின்ன பேட்டரியில் துடித்து அசைந்தாலே போதும். எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரி ஏற்றி வரும் வண்டியான டெண்டருக்குள் மோட்டார் உள்ள பிற்கால ஹார்ன்பி எஞ்சின்களில் ஒரு பக்கத்து மின்சாரத்தை எஞ்சினும், மறுபக்கத்தை டெண்டரும் எடுக்கும். அதைத் தெரியாமல் டெண்டரில் மட்டும் வயரை வைத்துவிட்டு 'ஓடவில்லை' என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வயர் எஞ்சின் சக்கரத்தில், ஒரு வயர் எதிர்ப்பக்க டெண்டர் சக்கரத்தில். சட்டென்று சுற்றும்.

ஓடாத எஞ்சின்தான் இந்தத் துறையில் உண்மையான மலிவு. 'சோதிக்கவில்லை', 'உதிரிபாகத்துக்கு' என்ற குறிப்போடு வருபவற்றில் நான் திறந்து பார்த்தவரை, பாதிக்கு மேல் மோட்டாரின் கம்யூட்டேட்டரில் (சுழலும் செப்பு வளையம்) கறுப்புக் கரி, அதன் மேல் உரசி மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் தேய்ந்திருப்பது, அல்லது உறைந்த எண்ணெய்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சி, சில பவுண்டுக்கு ஒரு ஜோடி பிரஷ், சக்கர அச்சுகளில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். பிரஷில் எண்ணெய் பட விடாதீர்கள். ஒரு மாலை நேர வேலை இது. ஆனால் 1976இல் தொடங்கிய மெயின்லைன் வரிசை போன்ற, சேஸி இரண்டு பாதியாக இருக்கும் பிளவுச் சேஸி எஞ்சின்களில் கவனம் வேண்டும். அவற்றில் இரண்டு அரை அச்சுகளையும் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய் காலப்போக்கில் வெடிக்கும். சக்கரங்கள் ஒன்றுக்கொன்று முன்பின்னாகத் திரும்பி நின்றால் அதுதான் காரணம். உதிரி கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

பொருந்துமா என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். டப்லோ மூன்று தண்டவாள எஞ்சினின் சக்கரங்களுக்கு இடையே மின்தடுப்பு கிடையாது. இரண்டு தண்டவாளத்தில் வைத்தால் ஷார்ட் ஆகும். மெர்க்லின் எச்ஓ தண்டவாளத்தின் நடுவே வரிசையாகப் புள்ளித் தொடர்புகள் இருக்கும். அந்தப் பழைய எஞ்சின்கள் மாறு மின்சாரத்தில் ஓடுபவை. நேர் மின்சார இரண்டு தண்டவாளத்துக்கு ஆகாது. இப்படித் தவறிப்போய் வாங்கியவர்கள் மறுபடி விற்கும் பொருளும் மலிவாக வரும், உங்களுக்கு அந்த முறை பொருந்தினால்.

ஐந்தாம் படி: அசலா, பூசினதா

விலை அதிகமான எஞ்சின் என்றால் மட்டும் இந்தக் கவலை. பரவலாகக் கிடைக்கும் எஞ்சினுக்குப் பெயரும் எண்ணும் மாற்றி அரிய எஞ்சினாக்கியவை உண்டு. பாடியின் உட்பக்கம் பாருங்கள். புதுப் பூச்சின் தூசி அங்கே படிந்திருக்கும். ரிவெட் புள்ளிகள் கூர்மையாகத் தெரிகிறதா, பெயிண்டில் மூழ்கியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

அட்டைப்பெட்டியிலும் நகல் வருகிறது. நல்ல பெட்டி விலையை வெகுவாக ஏற்றும் என்பதால் புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். நகல் என்று சொல்லி விற்பது நியாயமான வியாபாரம்தான், கைமாறும்போது அந்தச் சொல் தொலைந்துவிடுவதுதான் சிக்கல். அட்டையின் உட்பக்கம் வெள்ளைவெளேர் என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். பெட்டியில் ஊசிப்பின் அடித்திருந்தால் அது பழையதாகத் தெரிய வேண்டும். பூதக்கண்ணாடியில் எழுத்து சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது இன்றைய பிரிண்டர். பெட்டியில் உள்ள தயாரிப்பு எண் அந்த எஞ்சினுக்கு உரியதுதானா என்று மறக்காமல் பாருங்கள். ரென் எஞ்சின்களில் இது இன்னும் முக்கியம், பெட்டியின் முனைச் சீட்டில் உள்ள எண்ணை வைத்தே விலை பல மடங்கு மாறும்.

லயனல் 1957இல் பெண் பிள்ளைகளுக்காக இளஞ்சிவப்பு எஞ்சினோடு ஒரு ரயில் செட் விட்டது. அன்று யாரும் வாங்கவில்லை. இன்று அது அபூர்வம், ஆகவே நகல்களும் உண்டு. அன்று கடையில் தேங்கியதுதான் பின்னாளில் விலைபோகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டிப் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் மறுபூச்சு எஞ்சினும் பெட்டி இல்லாத எஞ்சினும் உங்களுக்கு வரம். சேகரிப்பாளர் ஒதுக்குவார், விலை விழும். நான் வைத்திருக்கும் டச்சஸ் ஆஃப் மான்ட்ரோஸ் பெட்டி இல்லாதது, சிம்னி ஓரத்தில் பெயிண்ட் போனது, 38 பவுண்டு. ஆறு கோச்சை இழுக்கிறது.

ஆறாம் படி: பேரமும் ஏலமும்

ரங்கநாதன் தெருப் பேரம் இங்கே எடுபடாது. 60 சொன்னதை 20க்குக் கேட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதோடு முடிந்தது. பொருளைப் பார்த்து, பழுது இருந்தால் அதைக் காட்டி, 'இதற்குக் கடைசி விலை என்ன?' என்று ஒரே ஒரு முறை கேட்க வேண்டும். 60 பெரும்பாலும் 50 ஆகும். பிறகு பக்கத்தில் உள்ள இரண்டு வேகனைச் சேர்த்து, 'மூன்றுக்கும் 60 தரட்டுமா?' என்று கேட்டால் பல நேரம் ஒத்துக்கொள்வார்கள். சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். கையில் நோட்டு நீட்டியபடி கேட்பதற்கு இன்றும் மதிப்பு உண்டு. அப்புறம், அவர் உங்களிடம் பேச விரும்பினால் நின்று கேளுங்கள். விற்கிற பெரியவர்களில் பலர் அந்த எஞ்சினைச் சிறுவயதில் கிறிஸ்துமஸுக்குப் பெற்றவர்கள். அது நல்ல கைக்குப் போகிறது என்று தெரிந்தால் அவர்களுக்குச் சந்தோஷம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நினைவில் வைத்து அடுத்த மாதம் எடுத்து வருவார்கள்.

ஏலத்தில் சுத்தியல் அடித்து முடிக்கும் விலை முழு விலை இல்லை. வாங்குபவரிடம் ஏலக் கூடம் தனியாகக் கட்டணம் எடுக்கும், 20 முதல் 25 சதவீதம் வரை பொதுவாக இருக்கும். அந்தக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வாட் வரி. 60 பவுண்டுக்கு அடித்தால், 20 சதவீதக் கட்டணம் 12, அதன் மேல் வரி 2.40, மொத்தம் 74.40. இணையம் வழியாகக் கேட்டால் சில தளங்கள் இன்னும் கொஞ்சம் எடுக்கும். தபாலும் சேரும். ஆகவே பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். வீட்டுக்கு வரும்போது 75க்கு மேல் போகக் கூடாது என்றால் 55லேயே கையை இறக்கிவிடுங்கள். அந்த எண்ணை ஏலத்துக்குப் போகும் முன்பே தாளில் எழுதுங்கள்.

ஈபேயில் முன்கூட்டியே விலை கேட்டால் போட்டியை நீங்களே வளர்க்கிறீர்கள். உங்கள் உச்ச விலையை முடிவு செய்துவிட்டுக் கடைசிச் சில நொடிகளில் ஒரே முறை போடுங்கள். தோற்றால் தோற்றதுதான், மான்ட்ரோஸ் அடுத்த வாரமும் வரும்.

மொத்தப் பெட்டிக்கு வேறு கணக்கு. உள்ளே உள்ளதில் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த இரண்டு மூன்று பொருளின் விற்ற விலையை மட்டும் கூட்டுங்கள். மற்றதற்கு சைபர் போடுங்கள். அந்தக் கூட்டுத்தொகைக்குள் வந்தால் வாங்குங்கள். வேண்டாததை விற்றால் வேண்டியது இலவசமாகவே நிற்கும்.

ஏழாம் படி: ஊருக்கு அனுப்புவதாக இருந்தால்

இந்தியாவில் பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. மாடல் ரயிலும் பொம்மைத் தலைப்பின் கீழ்தான் வரும். அனுப்பும் முன்பு அன்றைய விகிதத்தைப் பார்த்து, மற்ற வரிகளையும் தபாலையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். இங்கிலாந்தில் 40 பவுண்டு மலிவு, சென்னையில் மலிவாக இராது. ரயிலுக்கு மின்சாரம் தந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரைப் பொறுத்தவரை பிரிட்டனும் இந்தியாவும் இலங்கையும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும்தான் பார்க்க வேண்டும். அமெரிக்க லயனல் டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டுக்கானது, அதை நம் வீட்டுச் சுவரில் நேராகச் செருகக் கூடாது. எந்த நாட்டுப் பொருளாக இருந்தாலும் அறுபது வருடப் பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். வயரின் ரப்பர் காய்ந்து உதிர்ந்திருக்கும். எஞ்சினில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு புதுக் கண்ட்ரோலர் வாங்குங்கள், பிள்ளைகள் தொடும் பொருள் அது.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

பார்சலைப் பிரிப்பதற்கு முன்பே போனில் படம் எடுக்கத் தொடங்குங்கள். தபாலில் உடைந்ததா, முன்பே உடைந்திருந்ததா என்ற கேள்வி வந்தால் அந்தப் படம் பேசும். திருப்பி அனுப்பும் கெடு என்றைக்கு முடிகிறது என்று பார்த்து, அதற்குள் எல்லாச் சோதனையையும் முடித்துவிடுங்கள்.

உடனே தண்டவாளத்தில் வைத்து முழு வேகத்தில் விடாதீர்கள். நெடுநாள் ஓடாத எஞ்சின் அது. பழைய எண்ணெயைத் துடைத்து, புது எண்ணெயை ஊசி முனையால் தொட்டு வைத்து, குறைந்த வேகத்தில் முன்பக்கமாகக் கால் மணி நேரம், பின்பக்கமாகக் கால் மணி நேரம் ஓட விடுங்கள். நடுவில் நிறுத்தி மோட்டார் பக்கம் விரல் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. விரல் வைக்க முடியாத சூடு என்றால் காந்தத்தையோ பிரஷ் ஸ்பிரிங்கையோ பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் நோட்டை எடுத்து எழுதுங்கள்: எண், தேதி, கொடுத்த விலை, தபால், மாற்றிய உதிரி, அதன் விலை. என் நோட்டின் முதல் வரியில் அந்தச் சின்ன டேங்க் எஞ்சின் இருக்கிறது. அதிக விலைதான் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் தண்டவாளத்தில் ஏறுவது இன்றும் அதுதான்.